ஜேம்ஸ் கிளார்க் ராஸ்

சர் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் (ஏப்ரல் 15, 1800 - ஏப்ரல் 3, 1862) பிரித்தானியக் கடற்படை அதிகாரியும் துருவப் பகுதிகளின் நாடுகாண் பயணியும் ஆவார். வட காந்த முனையை அடைந்தவர் என்றும், ராஸ் கடலைக் கண்டறிந்தவர் என்றும் பரவலாக அறியப்படுகிறார். உறைகுளிர்க் கடல்களின் அடியில் விலங்குகள் செழித்து வாழ்வதற்குத் தொடக்ககாலச் சான்றுகளைத் தந்தவர்களுள் இவரும் ஒருவர்.

இளமையும் ஆர்க்டிக் பயணங்களும்

இலண்டனில் பிறந்த ராஸ், 1812 இல் கடற்படையில் சேர்ந்து தம் சிற்றப்பா ஜான் ராசின் கீழ்ப் பணியாற்றினார். 1818 இல் அவருடன் பாபின் விரிகுடாவுக்குச் சென்றார். அங்கு ஆழம் பார்க்க இறக்கிய கயிற்றில் கூடை விண்மீன் எனப்படும் முட்தோலி ஒன்று சிக்கி மேலே வந்தது. பின்னர் வில்லியம் எட்வர்ட் பாரியின் ஆர்க்டிக் பயணங்களிலும் ராஸ் பங்கேற்றார். ஜூன் 1, 1831 அன்று பூத்தியா தீபகற்பத்தில் வட காந்த முனையின் இருப்பிடத்தை உறுதி செய்தார்.

அண்டார்டிக்காப் பயணம்

1839 இல் எரபசு, டெரர் என்னும் இரு கப்பல்களுடன் ராஸ் தெற்கே புறப்பட்டார். தென் காந்த முனையை அடைவது இப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது, அது கைகூடவில்லை. எனினும் சனவரி 1841 இல் மிதவைப் பனியைக் கடந்து, பின்னாளில் இவர் பெயரால் வழங்கும் கடலுக்குள் நுழைந்தார். எரபசு எரிமலையும் ராஸ் பனித்திட்டும் அப்போது கண்டறியப்பட்டன. தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் இப்பயணத்தில் உதவி மருத்துவராக இருந்தார். கப்பல்கள் 1843 இல் நாடு திரும்பின.

கடலடி உயிரினங்கள்

கடலடியை வாரி எடுக்கும் வலையை ராஸ் 270 பாகம் (ஏறத்தாழ 490 மீட்டர்) முதல் 400 பாகம் (ஏறத்தாழ 730 மீட்டர்) வரையான ஆழங்களில் இறக்கினார். பவளங்கள், கடற்சிலந்திகள், ஓட்டுடலிகள், புழுக்கள் ஆகியன கிடைத்தன. அவற்றுள் சில, தாம் ஆர்க்டிக்கில் கண்ட இனங்களே என்று கருதினார். எவ்வளவு ஆழமான கடலடியிலும் உயிர்கள் இருக்கும் என்ற முடிவுக்கும் வந்தார்.

அதே காலத்தில் எட்வர்ட் போர்ப்சு, வெப்பமான ஏஜியன் கடலில் செய்த ஆய்வைக் கொண்டு, ஏறத்தாழ 300 பாகத்துக்குக் கீழ் உயிர்கள் இல்லை எனக் கருதினார். இக்கருத்தே பெரிதும் ஏற்கப்பட்டது. ராஸ் திரட்டிய முதுகெலும்பற்ற விலங்குகளில் பெரும்பாலானவை முறையாக ஆராயப்படாமல் அழிந்துபோனது இதற்கு ஒரு காரணமாகும். 1869 இல் போர்க்குபைன் கப்பல் 2,435 பாக ஆழத்திலிருந்து உயிர்களை எடுத்த பின்னரும், 1872-76 இல் நடந்த சேலஞ்சர் பயணத்தின் பின்னரும் போர்ப்சின் கருத்து கைவிடப்பட்டது.

ராசின் ஊகங்கள் அனைத்தும் சரியானவை அல்ல. நீரழுத்தத்தால் வெப்பமானிகள் பிழை காட்டியதால், ஆழ்கடல் முழுவதும் ஏறத்தாழ 4 பாகை செல்சியசு வெப்பநிலையில் இருப்பதாக நம்பினார். இரு துருவங்களுக்கும் பொதுவானவை எனக் கருதப்பட்ட விலங்குகள் பல, வெவ்வேறு இனங்கள் எனப் பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டின.

இறுதிக்காலம்

ராஸ் 1844 இல் சர் பட்டம் பெற்றார். இவரது பயண நூல் 1847 இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 1848-49 இல் காணாமற்போன ஜான் பிராங்கிளினைத் தேடிச் சென்றார். 1862 இல் எயில்சுபரியில் காலமானார். பஞ்சுயிரிகளும் கடற்சிலந்திகளும் நொறுங்கு விண்மீன்களும் நிறைந்த ராஸ் கடலில், உலகின் மிகப்பெரிய கடல்சார் பாதுகாப்புப் பகுதிகளுள் ஒன்று 2017 இல் நடைமுறைக்கு வந்தது.