பந்தாட்ட ஆசான் ரஹீம் சாகிப்

சைனிக்புரியில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் அம்முகுடா ரயில் நிலையத்தை அறியாதார் இரார். செகந்தராபாத்திலிருந்து பொல்லாரம் செல்லும் பாதையில் உள்ள சிறிய நிலையம் அது. அந்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்கு 1936-ஆம் ஆண்டில் பிறந்த ஓர் ஏழைப் பிள்ளை, பின்னாளில் மெல்போர்ன் நகருக்கும் ரோமாபுரிக்கும் இந்தியக் கால்பந்துக் குழுவில் ஒருவராகச் சென்றார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? துளசிதாஸ் பலராம் என்பது அவர் பெயர். எனினும் நான் இங்கு எழுதப் புகுந்தது பலராமின் வரலாறு அன்று. அவரைக் கண்டெடுத்து ஆளாக்கிய சையத் அப்துல் ரஹீம் என்னும் பெருந்தகையின் வரலாறேயாகும். பள்ளி இறுதி வகுப்புடன் படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வே குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் எனக்கு இதனை எழுதத் தகுதி உண்டா என்பதை அன்பர்கள் பொறுத்தருள்க.

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் நாள் ஹைதராபாத்தில் பிறந்தார். அவர் தொழிலால் பள்ளி உபாத்தியாயர். நம் ரயில்வே நண்பர்களுக்கு நன்கு தெரிந்த காச்சிகுடாவில் நடுநிலைப் பள்ளியில் கற்பித்தார். உடற்பயிற்சிக் கல்வியும் பயின்று, பின்னர் சாதர்காட் உயர்நிலைப் பள்ளி முதலியவற்றில் பணியாற்றினார். இளமையில் தாமும் பந்தாடியவர். ஆனால் அவருடைய கீர்த்தி ஆடியதால் வந்ததன்று, ஆட்டுவித்ததால் வந்தது. 1943 முதல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசிப் பொறுப்பை ஏற்றார். 1950-இல் தொடங்கி ஹைதராபாத் நகரப் போலீஸ் குழுவுக்கும் இந்தியக் குழுவுக்கும் பயிற்சியாளரானார். அந்தப் போலீஸ் குழு 1950 முதல் 1954 வரை இடையறாது ஐந்து ஆண்டுகள் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் பெருங்குழுக்கள் நம் ஊர்ப் போலீஸ்காரர்களைக் கண்டு அஞ்சிய காலம் அது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

அவர் பயிற்றிய முறையைச் சிறிது கூறவேண்டும். அந்நாளில் நம் ஆட்டக்காரர்கள் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஒவ்வொருவராக ஏய்த்துச் செல்வதையே திறமை எனக் கருதினர். ரஹீம் சாகிப் இதனை மாற்ற எண்ணி, பந்தை வைத்துக்கொண்டு ஓடவே கூடாது, பெற்ற உடனே தோழனுக்குத் தரவேண்டும் என்னும் விதியுடன் தனிப் பந்தயங்களை நடத்தினார். வலக்காலில் வல்லவர்கள் இடக்காலால் மட்டுமே ஆடவேண்டும் என்று வேறொரு பந்தயம். நல்ல வாத்தியார், மாணாக்கனுக்கு வராத கணக்கையே மீண்டும் மீண்டும் போடச் செய்வதில்லையா, அதுபோல என்று கொள்க.

1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இறுதியாட்டத்தில் ஈரானை ஒரு கோலால் வென்று நம்மவர் தங்கம் பெற்றனர். மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெருந்தோல்வி நேர்ந்தது. குளிர்நாட்டில் பலர் வெறுங்காலுடன் ஆடி, யூகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து கோல்கள் வாங்கித் திரும்பினர். ரஹீம் தளர்ந்தாரில்லை. காலில் பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. ஆட்ட வியூகமும் மாறிற்று. நான்கே ஆண்டுகளில், 1956-இல் மெல்போர்னில், ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி எட்டிய முதல் ஆசிய நாடு என்னும் பெருமையை இந்தியா பெற்றது. பதக்கம் கிட்டவில்லை, நான்காம் இடமே கிட்டியது.

அந்தக் குழுவில்தான் நம் பலராம் இருந்தார். ரஹீம் இவர் ஆட்டத்தைக் கண்டு பயிற்சி முகாமுக்கு வரப் பணித்தபோது, அம்முகுடாவிலிருந்து நாள்தோறும் ஹைதராபாத் வந்து செல்லத் தம்மிடம் காசில்லை என்று சொல்லிவிட்டார் அந்த இளைஞர். ரஹீம் வாடகைச் சைக்கிளுக்கான பணத்தைத் தாமே கொடுத்து வரச் செய்தார். பள்ளி உபாத்தியாயருடைய சம்பளத்தில் அந்தச் சில்லறையும் சிறு தொகை அன்று. மொழி வேறு, மதம் வேறு, குடும்ப உறவும் இல்லை. அவர் பார்த்தது பையனின் காலை மட்டுமே.

இனி அவருடைய சொந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அச்செய்திதான். சையத் சாகித் ஹக்கீம் என்னும் அவர் மகனும் சிறந்த ஆட்டக்காரர்; ராணுவத்தாரின் சர்வீசஸ் குழுவில் ஆடியவர். 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவில் தம் திறமையால் இடம்பெற்றார். பயிற்சியாளர் தந்தை. ஹங்கேரியுடன் ஓர் ஆட்டம், பிரான்சுடன் ஓர் ஆட்டம், பெருவுடன் ஓர் ஆட்டம். மூன்றிலும் ஹக்கீமைத் தந்தை களத்தில் இறக்கவில்லை. அம்முகுடாப் பிள்ளை பலராமோ ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் போட்டார். ஓரத்தில் அமர்ந்து மகன் பார்த்திருந்தார்.

இதனைப் படித்தபோது எனக்கு வெட்கம் உண்டாயிற்று. சென்ற ஆண்டு என் மகனைப் பள்ளிக் குழுவில் சேர்க்கவில்லை என்று அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சென்று, பயிற்சி ஆசிரியரிடம் வாதாடிவிட்டு வந்தவன் நான். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். என் மகன்தான் வீடு வரும்வரை என்னிடம் பேசவில்லை.

ரஹீம் வாழ்வின் சிகரம் 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியப் போட்டியாகும். அப்போதே புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோல்வி. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் தென்வியட்நாமையும் வென்று, இறுதியாட்டத்தில் மீண்டும் அதே தென்கொரியாவைச் சந்திக்க நேர்ந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அழைக்காததைக் கண்டித்து இந்திய அதிகாரி சோந்தி பேசியதால் அந்நாட்டு மக்கள் நம்மீது கடுங்கோபம் கொண்டிருந்தனர். செப்டம்பர் 4-ஆம் நாள், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடி நம்மவரை ஏசி ஆரவாரித்தனர்.

முதல் நாள் இரவு ரஹீம் தம் ஆட்டக்காரர்களை அழைத்துக்கொண்டு உலாவச் சென்றார் என்றும், தமக்கு ஒரே ஒரு பரிசு வேண்டும், அது நாளைய தங்கப் பதக்கம் என்று அவர்களிடம் கேட்டார் என்றும் உடன் சென்றவர்கள் பிற்காலத்தில் கூறியிருக்கின்றனர். களத்தில் அவர் செய்த இரு மாறுதல்கள் குறிப்பிடத்தக்கவை. தாய்லாந்து ஆட்டத்தில் தலை உடைந்து தையலிடப்பட்டிருந்த பின்காவல் வீரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் நிறுத்தினார். முந்தைய ஆட்டங்களில் கோல் காத்த பிரத்யுத் பர்மனுக்குப் பதிலாக, காய்ச்சல் கண்டிருந்த நெடிய உருவத்தினரான பீட்டர் தங்கராஜை இறக்கினார். இந்தத் தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்தவரே. பி.கே. பானர்ஜி 17-ஆம் நிமிடத்தில் ஒரு கோலும், தையலிட்ட தலையுடன் ஜர்னைல் 20-ஆம் நிமிடத்தில் மற்றொரு கோலும் போட்டனர். கொரியா ஆட்டம் முடியும் தறுவாயில் ஒன்று திருப்பிற்று. 2-1. தங்கம் நமதாயிற்று. பலராமும் அன்று களத்தில் இருந்தார்.

ஊர் திரும்பிய ரஹீம் நோயிலிருந்து எழவில்லை. 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், தமது ஐம்பத்துமூன்றாம் வயதில் காலமானார். பலராமும் அதே ஆண்டில் உடல்நலக் குறைவால் ஆட்டத்தை விட்டு, வங்காளத்திலேயே தங்கிவிட்டார். ஹக்கீம் விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடராக உயர்ந்தார். சர்வதேச நடுவராகவும் பயிற்சியாளராகவும் விளங்கினார். ரஹீமைப் பற்றி 2024-இல் மைதான் என்னும் இந்தித் திரைப்படம் வெளிவந்தது. அதற்கு இசை அமைத்தவர் நம் ஏ.ஆர். ரஹ்மான். ஆனால் ஹக்கீம் 2021-லும், பலராம் 2023 பிப்ரவரியிலும் மறைந்துவிட்டனர். படத்தை இருவரும் பார்க்கவில்லை.

ஜகார்த்தாவுக்குப் பின் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கால்பந்தில் இந்தியாவுக்குக் கிடைத்த பதக்கம் 1970-இல் பாங்காக்கில் பெற்ற வெண்கலம் ஒன்றே.