நீர் காத்த விசுவேசுவரய்யா

மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம் பாடல் பெற்ற பழம்பதி. திருமுதுகுன்றம் என்பது அதன் பண்டைப் பெயர். கோயிலால் சிறந்த அவ்வூர் இக்காலத்தில் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்று விளங்குகின்றது. சூளையில் வெந்த மண் அங்குக் கலமாகவும் பொம்மையாகவும் உருப்பெற்றுப் பல ஊர்களுக்கும் செல்கின்றது. வேகும்போது உடைந்துபோன ஓட்டையும் செங்கல்லையும் உதவாதவை என்று எறிந்துவிடுவது நம் வழக்கம். ஆயினும், வெந்த களிமண்ணை நன்றாகப் பொடித்துச் சுண்ணாம்போடு சேர்த்து நீர் விட்டுக் குழைத்தால், அக்கலவை கல்லையும் கல்லையும் பிணிக்கும் சாந்தாகும். அது நீருக்குள் இருந்தபடியே நாளுக்கு நாள் இறுகி வலிமை பெறும் இயல்பினது. கட்டடத் தொழிலாளர் அதனைச் 'சுர்க்கி' என்பர்.

மைசூருக்கு அண்மையில் காவிரியின் குறுக்கே 8,600 அடி நீளத்தில் நிற்கும் கிருஷ்ணராஜ சாகர அணையின் கற்களைப் பிணித்திருப்பது இச்சுர்க்கிச் சாந்தே. சிமெண்டு பெரும்பாலும் கடல் கடந்து வந்த அக்காலத்தில், அதனை வாங்கிப் பொருளைச் செலவிடாமல், நாட்டில் கிடைக்கும் மண்ணையும் சுண்ணாம்பையும் கொண்டே அப்பேரணை எழுந்தது. அதற்குத் திட்டம் வகுத்துத் தொடக்கம் செய்த பொறியாளர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா ஆவார்.

இவர் 1861ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் மைசூர் நாட்டுச் சிக்கபள்ளாபுரத்தை அடுத்த முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். முன்னோர் ஆந்திர நாட்டு மோட்சகுண்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தையார் சீனிவாச சாத்திரியார் வடமொழி வல்லவர். கல்விச் செல்வம் நிரம்பிய அவரிடம் பொருட்செல்வம் இல்லை. மகன் பள்ளியில் பயிலும் பருவத்திலேயே அவர் மறைந்தார். இளைஞர் பெங்களூருக்குச் சென்று, தாய்மாமன் ஆதரவிலும், செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பெற்ற ஊதியத்திலும் படிப்பைத் தொடர்ந்தார். 1881இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அதன்பின் மைசூர் அரசு அளித்த உதவித்தொகை அவரைப் பூனா அறிவியல் கல்லூரிக்கு அனுப்பிற்று. அங்கே பொறியியல் பயின்று, 1883இல் நடந்த தேர்வில் முதன்மை பெற்றார். மறு ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் துணைப் பொறியாளர் பதவி அவருக்குக் கிடைத்தது. அக்காலத்தில் அத்தகைய பதவிகளில் பெரும்பாலும் ஆங்கிலேயரே அமர்ந்திருந்தனர் என்பதை நாம் நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

பெரியோர் வாழ்க்கையைச் சுற்றிக் கதைகள் கொடிபோல் படர்வது இயல்பு. இவரைப் பற்றியும் அத்தகைய கதைகள் பல வழங்குகின்றன. அவை கேட்பதற்கு இனியவை. ஆனால் அவர் செய்த பணிகளே கதைகளினும் வியப்பானவை. ஆதலின் பணிகளையே காண்போம்.

சிந்து நாட்டில் சக்கர் என்பது ஓர் ஊர். சிந்துப் பேராறு அதன் அருகே ஓடியும், கலங்கல் நீரையே மக்கள் குடித்து வந்தனர். நீரைத் தெளிவாக்கும் பெருந்தொட்டிகளைக் கட்ட நகராட்சியிடம் பொருள் இல்லை. 1894இல் அங்கு அனுப்பப்பட்ட விசுவேசுவரய்யா, ஆற்றுப்படுகையிலேயே கிணறு தோண்டச் செய்தார். மணலினூடே ஊறிவரும் நீர் தானே தெளிந்து கிணற்றில் சேர்ந்தது. பிறகு பொறியால் அதனை மேட்டுக்கு ஏற்றி ஊருக்கு வழங்கினார். மாணவர்களே! கோடையில் மணிமுத்தாறும் வெள்ளாறும் வறண்டு கிடக்குங்கால் மகளிர் மணலில் ஊற்றுத் தோண்டித் தெளிநீர் முகந்து செல்லும் வழக்கம் நம் நாட்டில் தொன்றுதொட்டு உண்டன்றோ? ஊற்றின் இயல்பை ஒரு நகரத்தின் தாகம் தீர்க்கும் அளவுக்குப் பெருக்கியதே அவர் செய்த செயல்.

பூனாவுக்கு அருகில் கடக்குவாசலா என்னுமிடத்தில் ஒரு பழைய நீர்த்தேக்கம் உண்டு. மழைக்காலத்தில் அது நிரம்பி, மிகுந்த நீர் கலிங்கின் வழியே வழிந்து வீணாயிற்று; கோடை வந்ததும் நகரத்துக்கும் வயலுக்கும் நீர் போதவில்லை. கரையை உயர்த்தினால் மேலும் நீரைத் தேக்கலாம். ஆனால் பழைய சுவர் அச்சுமையைத் தாங்குமோ என்னும் ஐயம் ஒருபுறம். செலவு மற்றொரு புறம். விசுவேசுவரய்யா கலிங்கின்மேல் கதவுகளை அமைத்தார். நீர்மட்டம் குறித்த அளவு வரையில் அக்கதவுகள் மூடிநின்று நீரைத் தேக்கும்; வெள்ளம் பெருகி மட்டம் உயர்ந்தால், காவலர் எவரும் திறவாமல், பெருகிய நீரின் விசையாலேயே திறந்துகொள்ளும்; வெள்ளம் வடிந்தபின் மறுபடியும் தாமே மூடிக்கொள்ளும். நள்ளிரவில் வரும் வெள்ளத்துக்கு அஞ்சி விழித்திருக்க வேண்டுவதில்லை. அணையை உயர்த்தாமலே நீரின் அளவு உயர்ந்தது. 1903இல் நிறுவப்பெற்ற இக்கதவுகளை அவர் தம் பெயரால் பதிவு செய்திருந்தும், அரசுப் பணியில் இருக்கையில் கண்டது அரசுக்கே உரியது என்று கருதி, அதற்குரிய பொருளைப் பெற மறுத்துவிட்டார். இவ்வகைக் கதவுகள் பின்னர்க் குவாலியரில் திக்ரா அணையிலும் கிருஷ்ணராஜ சாகரத்திலும் அமைக்கப்பட்டன.

இவற்றினும் பெரிய பணி ஒன்று உண்டு. அஃது இரும்பாலும் கல்லாலும் ஆனது அன்று. ஆகலின் அதனை அறிந்தவர் சிலரே. தக்காணத்துக் கால்வாய்ப் பாசனத்தில் நெடுநாளாக ஒரு குறை இருந்தது. தலைமடையில் நிலமுடையார் வேண்டுமளவுக்கும் மேலாக நீரைப் பாய்ச்சிக் கரும்பு பயிரிட்டனர். அவர் நிலம் சதுப்பாகிக் காய்ச்சலும் பரவிற்று. கடைமடையில் இருந்தவனோ வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே வாடினான். நீர் குறைவாக இருந்தது என்பதைவிட, பங்கு செம்மையாக இல்லை என்பதே உண்மை. விசுவேசுவரய்யா நீரை அளந்தார். ஊர்தோறும் நிலத்தைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் மட்டும் மிகுந்த நீர் வேண்டும் பயிரும், ஏனைய பகுதிகளில் குறைந்த நீரால் விளையும் பயிரும் மாறி மாறி இடுமாறு முறை வகுத்தார். அதனால் அதே கால்வாய் நீர் முன்னிலும் மிகுதியான ஊர்களைச் சென்றடைந்தது. தலைமடையார் முதலில் எதிர்த்தனர். வரம்பின்றி நீர் பெற்றுப் பழகியவர்க்கு அளவு என்பதே கசப்பன்றோ! அவர் சினவாமல் உழவரைக் கூட்டிப் பேசி, மெல்ல மெல்ல இணங்கச் செய்தார். கடைமடையில் நிற்பவனையும் கணக்கில் கொள்ளும் இந்நோக்கே இவருடைய பொறியியலின் உயிர் என்று நான் கருதுகின்றேன்.

1908ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஐதராபாத்து நகரின் நடுவே ஓடும் மூசி ஆறு பெருக்கெடுத்துப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுசென்றது. பம்பாய்ப் பணியினின்றும் விலகியிருந்த இவரை ஐதராபாத்து அரசு அழைத்தது. ஆற்றின் மேற்பகுதியில் சிறிய ஏரிகள் பல இருந்தமையையும், பெருமழையில் அவற்றுட் பல உடைந்தமையே வெள்ளம் கொடுமையுற்றதற்கு ஒரு காரணம் என்பதையும் ஆராய்ந்து கண்டார். நகருக்கு மேலே இரண்டு பெருந்தேக்கங்கள் அமைய வேண்டும் என்றார். அவையே உசுமான் சாகர், இமாயத்து சாகர் என்பன. முன்னது 1920இலும் பின்னது 1927இலும் நிறைவெய்தின. ஊரை அழித்த ஆறு ஊருக்குக் குடிநீர் வழங்கும் ஆறாயிற்று.

1909ஆம் ஆண்டின் இறுதியில் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராச உடையார் இவரைத் தம் நாட்டின் தலைமைப் பொறியாளராக அமர்த்தினார். சிவசமுத்திர அருவியிலிருந்து 1902 முதலே மின்னாற்றல் எடுக்கப்பட்டுக் கோலார்த் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றுகொண்டிருந்தது. ஆயின், கோடையில் காவிரி மெலிந்தால் மின்னாற்றலும் மெலியும். மழைநீரைத் தேக்கி வைத்தால் மின்னாற்றலும் குன்றாது. மண்டியா வட்டாரத்து வறண்ட நிலமும் விளையும். இவ்விரண்டையும் கருதியே கண்ணம்பாடியில் அணை கட்டும் பணி 1911இல் தொடங்கியது. பல்லாயிரம் தொழிலாளர் இருபது ஆண்டுகள் உழைத்து அதனை முடித்தனர். ஊர்கள் சில நீரில் மூழ்கின. பழைய கண்ணம்பாடியின் வேணுகோபாலசுவாமி கோயிலும் மூழ்கிற்று. மிகப் பிற்காலத்தில் அது வேறிடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. தேக்கம் ஏறக்குறைய 49 ஆயிரம் மில்லியன் கன அடி நீரைக் கொள்ளும்.

இங்கே தமிழ்நாட்டு மாணவர் ஒரு செய்தியை அறிதல் வேண்டும். காவிரியின் தலைமடை குடகும் மைசூரும்; கடைமடை நம் நாடு. தஞ்சையின் நெல் வயல்களேயன்றி, கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே நிரம்பும் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியும் அவ்வாற்று நீரையே நம்பியிருக்கின்றது. மேலே புதிய அணை கட்டுமுன் சென்னை அரசின் இசைவு பெற வேண்டும் என்று 1892இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டிருந்தது. எனவே சென்னை அரசு தடை கூறியது. முதலில் சிறிய அளவில் கட்டவே இசைவு கிடைத்தது. மைசூரோ பின்னர் முழு உயரத்துக்கும் எழுப்புவதற்கு ஏற்ற அகலத்தில் கடைக்காலை அமைத்தது. 1914இல் நடுவர் தீர்ப்பு மைசூருக்குச் சார்பாயிற்று; சென்னை அதனை ஏற்காது மேல்முறையீடு செய்தது. முடிவில் 1924இல் உடன்படிக்கை உருவாகி, மைசூர் தன் அணையை நிறைவு செய்தது. நம் நாட்டில் மேட்டூர் அணை 1934இல் முடிவுற்றது. பிற்காலத்தில் வழக்கு மீண்டும் மூண்டு, 1990இல் நடுவர் மன்றம் அமைந்து, 2007இல் அதன் தீர்ப்பும், 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. தம் நாட்டின் நலத்துக்காக விசுவேசுவரய்யா உழைத்தது குற்றமன்று. தக்காணத்தில் ஊருக்கும் ஊருக்கும் நீரைப் பங்கிட்ட அளவுகோல், நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே அத்துணை எளிதில் பயன்படவில்லை என்பதே செய்தி.

1912இல் இவர் மைசூரின் திவான் ஆனார். ஆறு ஆண்டுகளில் அவர் தொடங்கியவை பல. 1913இல் மைசூர் வங்கி தோன்றிற்று. அவ்வாண்டே தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்குவதற்குச் சட்டம் பிறந்தது. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் எழுந்தது. அடுத்த ஆண்டில் பெங்களூரில் பொறியியற் கல்லூரி ஏற்பட்டது. சந்தனக் கட்டையை அயல்நாட்டுக்கு ஏற்றி அனுப்புவதோடு அமையாமல், இங்கேயே எண்ணெய் எடுக்கும் தொழிற்சாலையும் வந்தது. பத்திராவதியில் பின்னாளில் நிலைபெற்ற இரும்பாலைக்கு வித்திட்டவரும் அவரே.

அரசுப் பணிகளில் பிற்பட்ட வகுப்பினர்க்கு உரிய இடம் வேண்டும் என்னும் கோரிக்கை அந்நாளில் மைசூரில் எழுந்தது. 1918இல் மன்னர் அதனை ஆராய மில்லர் என்பவர் தலைமையில் குழு ஒன்று நிறுவினார். தகுதி ஒன்றையே நோக்க வேண்டும் என்பது திவானின் கொள்கை. மன்னரோடு கருத்து மாறுபட்டு அவர் பதவியை விட்டு விலகினார். கொண்ட கொள்கைக்காகப் பதவியைத் துறந்த உறுதி பாராட்டத்தக்கது. கொள்கையை நாம் அவ்வாறு பாராட்டுவதற்கில்லை. கல்வி என்னும் கால்வாயில் தலைமடையிலிருந்தோர் பல தலைமுறையாக நீர் பாய்ச்சியிருந்தனர்; கடைமடைக்கு அது வந்து சேரவேயில்லை. நீரில் கண்ட அவ்வுண்மையை இதில் அவர் காணாது போயினார். அவர் கொணர்ந்த கட்டாயக் கல்வியும் பல்கலைக்கழகமும் அக்கடைமடையை நோக்கி வெட்டப்பட்ட வாய்க்கால்களே என்பதையும் உடன் கூறுதல் முறை.

பதவி நீங்கிய பின்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஓயவில்லை. 1923 முதல் பத்திராவதி ஆலையின் பொறுப்பை ஏற்று நடத்தினார். 1934இல், நாட்டின் பொருளாதாரத்தைத் திட்டமிட்டு வளர்க்க வேண்டும் என்பதை விளக்கும் நூலொன்றை எழுதி வெளியிட்டார். விடுதலைக்குப் பின் ஐந்தாண்டுத் திட்டங்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எழுதப்பட்ட நூல் அது. தொண்ணூறு வயதைக் கடந்த நிலையிலும், பீகாரில் கங்கையின்மேல் பாலம் கட்டுவதற்குரிய இடத்தை ஆராய்ந்து கூறுமாறு அழைக்கப்பட்டபோது நேரில் சென்று பார்த்தார். மொகாமாவுக்கு அருகில் அப்பாலம் 1959இல் திறக்கப்பட்டது. 1955இல் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்தினம் என்னும் விருதை வழங்கிற்று.

நூறு வயது நிறைந்த பின், 1962ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் பெங்களூரில் காலமானார். பிறந்த ஊராகிய முத்தேனஹள்ளியில் அவருடைய நினைவிடம் இருக்கின்றது. அவர் பிறந்த நாளாகிய செப்டம்பர் 15, பொறியாளர் நாளாக இந்தியாவில் கொண்டாடப்படுகின்றது. கண்ணம்பாடித் தேக்கத்திலிருந்து புறப்படும் பெருங்கால்வாய் அவர் பெயரைத் தாங்கி, மண்டியா வயல்களுக்கு நீர் கொண்டு செல்கின்றது.