புனித பிரான்சிஸ் அசிசியார்: ஏழையையும் மண்ணையும் ஒன்றாய் நேசித்தவர்



நம் ஆலயங்கள் பலவற்றில் புனித பிரான்சிஸ் அசிசியாரின் சுரூபத்தைக் காண்கிறோம். முரட்டு அங்கி, இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு, தோளில் ஒரு புறா, காலடியில் ஓர் ஓநாய். மறைக்கல்வி பயிலும் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த புனிதர் இவர். ஆனால் இந்தச் சுரூபத்தையே பார்த்துப் பழகிய நாம், பறவைகளோடு பேசிக்கொண்டு காட்டில் உலவிய ஒரு சாது என்று மட்டுமே அவரை எண்ணிவிட்டோம். பறவைகளிடம் போவதற்கு முன் அவர் யாரிடம் போனார் என்பதை மறந்துவிட்டோம். 2026-ஆம் ஆண்டு அக்டோபர் 3, அவர் மண்ணுலக வாழ்வை முடித்ததன் 800-ஆம் ஆண்டு நினைவு நாள். அவர் வாழ்வைச் சற்றுப் பொறுமையாகத் திரும்பிப் பார்ப்போம்.

துணி வணிகரின் மகன்

இத்தாலி நாட்டின் அசிசி நகரில் 1181 அல்லது 1182-இல் பிறந்தார் பிரான்சிஸ். தந்தை பியெத்ரோ பெர்னார்தோனே பெரிய துணி வணிகர். தாயின் பெயர் பீக்கா. வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. நல்ல உடை, நண்பர்கள், பாட்டு, விருந்து என்று இளமை கழிந்தது. போர்வீரராகிப் பெயர் வாங்க வேண்டும் என்பதே அவரது கனவு. 1202-இல் பெருஜியா நகரோடு நடந்த போரில் பிடிபட்டு, ஏறக்குறைய ஓராண்டு சிறையில் கிடந்தார். உடல்நலம் கெட்டுத் திரும்பியவருக்குப் பழைய விருந்துகள் ருசிக்கவில்லை. மீண்டும் போருக்குப் புறப்பட்டவர், பாதி வழியிலேயே இறைவனின் தூண்டுதலை உணர்ந்து ஊர் திரும்பினார்.

முதலில் தொழுநோயாளர்

பிரான்சிசுக்குத் தொழுநோயாளரைக் கண்டாலே அருவருப்பு. அவர்கள் இருக்கும் பக்கம்கூடப் போகமாட்டார். அக்காலத்தில் அவர்களை ஊருக்கு வெளியேதான் வைத்திருந்தார்கள். ஒருநாள் குதிரையில் போகும்போது எதிரே ஒரு தொழுநோயாளர் வந்தார். பிரான்சிஸ் தம்மையே வென்று, குதிரையை விட்டு இறங்கி, அவர் கையில் காசு கொடுத்து முத்தமிட்டார். பிறகு அவர்கள் இருந்த இடத்துக்கே சென்று, புண்களைக் கழுவிப் பணிவிடை செய்தார். இறக்கும் முன் எழுதி வைத்த சாசனத்தில், தம் மனமாற்றம் அங்கேதான் தொடங்கியது என்று அவரே குறிப்பிடுகிறார். முன்பு கசந்தது பிறகு இனித்தது என்பது அவரது அனுபவம்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். 2024 ஜூன் மாதம் நம் கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் பகுதியிலும் அதைச் சுற்றிலும் விஷச்சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் அன்றாடக் கூலிகள். குடித்துச் செத்தவர்களுக்கு எதற்கு இரக்கம், எதற்கு உதவி என்று பேசியவர்கள் கோயிலுக்கு வரும் நம்மிடையேயும் உண்டு. அந்த வீடுகளில் எஞ்சி நிற்கும் மனைவியரையும் பிள்ளைகளையும் நாம் எண்ணிப் பார்த்தோமா? பிரான்சிஸ் நம்மோடு இருந்திருந்தால் எந்தத் தெருவில் குதிரையை விட்டு இறங்கியிருப்பார்?

இடிந்த கோயிலும் எளிய சபையும்

அசிசிக்கு வெளியே சான் தமியானோ என்ற பாழடைந்த சிற்றாலயம் இருந்தது. அங்கே சிலுவையின் முன் செபித்தபோது, இடிந்து கிடக்கும் தம் வீட்டைச் சீர்செய்யும்படி ஆண்டவர் அழைப்பதாக உணர்ந்தார். உடனே தந்தையின் துணிகளை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு வந்தார். தந்தை கொதித்தெழுந்து ஆயரிடம் முறையிட்டார். 1206-இல் ஆயர் குவிதோவின் முன்பாக, பணத்தோடு உடுத்தியிருந்த உடையையும் கழற்றித் தந்தையிடமே கொடுத்துவிட்டார் பிரான்சிஸ். ஆயர் தம் மேலாடையால் அவரைப் போர்த்தினார். பிறகு கல்லைப் பிச்சையெடுத்துச் சுமந்து தம் கையாலேயே அந்த ஆலயத்தைக் கட்டினார்.

1209-இல் சில தோழர்களோடு உரோமைக்கு நடந்தே சென்று, திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்டிடம் தம் வாழ்க்கை முறைக்கு ஒப்புதல் பெற்றார். 1212-இல் இளம்பெண் கிளாரா அவ்வழியைப் பின்பற்றினார். சிலுவைப்போர் நடந்த 1219-இல், எகிப்தில் ஆயுதமின்றிச் சுல்தான் அல் காமிலைச் சந்தித்துப் பேசித் திரும்பினார். 1223-இல் கிரேச்சோ என்னுமிடத்தில், வைக்கோலும் மாடும் கழுதையுமாகக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடினார். நம் வீடுகளில் குடில் அமைக்கும் வழக்கம் பரவ அதுவே பெரிய தூண்டுதல். இவரது ஆவியில் தோன்றிய துறவற சபைகள் எத்தனையோ! 1844-இல் நம் புதுச்சேரியில் அருட்தந்தை துப்புயி பெண்பிள்ளைகளின் கல்விக்காகத் தொடங்கிய மரியாவின் மாசற்ற இருதய சகோதரிகள் சபையும் பிரான்சிஸ்கன் குடும்பத்தைச் சேர்ந்ததே.

அடிமரத்தை விட்டு வைத்தவர்

தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத பிரான்சிசுக்கு எல்லாமே கடவுளின் கொடையாகத் தெரிந்தன. விறகு வெட்டும் சகோதரர்களிடம், மரத்தை அடியோடு வெட்டாதீர்கள், மீண்டும் துளிர்க்க இடம் விடுங்கள் என்று சொல்லிவைத்தார். வேம்பும் புங்கனும் வெட்டிய இடத்திலிருந்து துளிர்ப்பதைப் பார்த்த நம் விவசாயிகளுக்கு இது நன்றாகப் புரியும். தோட்டக்காரச் சகோதரரிடம், நிலம் முழுவதையும் காய்கறிக்கே கொத்திவிடாமல், ஓரங்களில் புல்லும் பூவும் தாமாக வளர விடச் சொன்னார். பாதையில் ஊரும் புழுவை எடுத்து ஓரமாய் விடுவார். குளிர்காலத்தில் தேனீக்கள் சாகாதிருக்கத் தேன் வைக்கச் சொல்வார். கை கழுவும்போதும், அந்தத் தண்ணீர் பிறர் காலில் மிதிபடாத இடமாகப் பார்த்துக் கழுவுவார்.

இவை மென்மையான மனம் படைத்த ஒருவரின் விளையாட்டுகள் அல்ல. தொழுநோயாளரை ஒதுக்காத கை, மரத்தையும் புழுவையும் ஒதுக்கவில்லை. எல்லாரையும் எல்லாவற்றையும் ஒரே தந்தையின் பிள்ளைகளாகப் பார்த்த நெஞ்சம் அது. 1979-இல் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் அவரைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலுக்கு அசிசியாரின் பாடலிலிருந்தே தலைப்பை எடுத்தார். பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் வேறு வேறல்ல என்பது அம்மடலின் சாரம்.

நமக்கும் இது தெரிந்த உண்மையே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவு நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை பெருக்கெடுத்தது. ஆற்றோரத் தாழ்வான இடத்தில் குடிசை போட்டவர்களே முதலில் எல்லாவற்றையும் இழந்தார்கள். கோடையில் ஏரி வற்றினாலும், நிலமில்லாதவருக்கே முதலில் வேலை போகிறது.

பார்வையிழந்தவரின் பாடல்

1224-இல் லா வெர்னா மலையில் ஆண்டவரின் ஐந்து காயங்களைத் தம் உடலில் பெற்றார் பிரான்சிஸ். உடல் தளர்ந்தது. கண்நோய் முற்றி, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத நிலை. சிகிச்சை என்று பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நெற்றியோரம் சுட்டார்கள். அந்த வேதனையின் காலத்தில், 1225-இல் பிறந்ததுதான் படைப்புகளின் பாடல். கதிரவனைக் காண முடியாத ஒருவர் கதிரவனைச் சகோதரன் என்றும், தண்ணீரைச் சகோதரி என்றும், மண்ணைத் தாய் என்றும் பாடினார்!

அதே நாட்களில் அசிசியின் ஆயரும் நகரத் தலைவரும் பெரும் பகையில் இருந்தார்கள். படுக்கையில் கிடந்த பிரான்சிஸ், மன்னிப்போரைப் பற்றி ஒரு பகுதியைப் பாடலில் சேர்த்து, சகோதரர்களை அனுப்பி இருவர் முன்பும் பாட வைத்தார். அவர்கள் ஒப்புரவானார்கள். வரப்புத் தகராறிலும், மடைத் தண்ணீர்ச் சண்டையிலும், திருவிழா மரியாதையிலும் பேச்சை முறித்துக்கொண்ட குடும்பங்கள் நம் பங்குகளிலும் இல்லையா? அண்ணன் தம்பி பேசாத ஊரில் மரக்கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்?

1226 அக்டோபர் 3 மாலையில், வெறுந்தரையில் தம்மைக் கிடத்தச் சொல்லி, சாவையும் சகோதரியாக வரவேற்று இறந்தார். இரண்டே ஆண்டுகளில், 1228-இல், திருஅவை அவரைப் புனிதராக உயர்த்தியது.

நாம் செய்யக்கூடியது

அன்பார்ந்தவர்களே, மழைக்காலத்தில் மரக்கன்று நடுகிறோம், நிழற்படம் எடுக்கிறோம், சித்திரை வெயிலில் அது காய்ந்துபோகிறது. பங்குத்தந்தையராகிய நாமும் இந்தக் குற்றத்துக்குத் தப்பவில்லை. நூறு கன்று நட்டோம் என்று பெருமை பேசுவதைவிட, ஓர் அன்பியம் ஐந்து கன்றுகளை எடுத்து, இரண்டு கோடை தாண்டும்வரை முறைவைத்துத் தண்ணீர் ஊற்றட்டும். கரும்பு வெட்டியபின் சோகையைக் கொளுத்தாமல் வயலிலேயே பரப்பினால் ஈரம் தங்கும், மண் பிழைக்கும். திருவிழா அன்னதானத்தில் பிளாஸ்டிக் குவளையை விட்டு வாழையிலைக்கும் எவர்சில்வர் டம்ளருக்கும் திரும்புவோம்.

ஆனால் அசிசியாரின் வரிசை மாறக்கூடாது. செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை திருஅவை படைப்பின் காலத்தைக் கொண்டாடுகிறது. அந்நாட்களில், இதுவரை நாம் காலெடுத்து வைக்காத ஒரு வீட்டுக்கு முதலில் போவோம். அது குடியால் சிதைந்த வீடாக இருக்கலாம், கல்வராயன் மலையிலிருந்து பிழைப்புக்காக இறங்கி வந்த குடும்பமாக இருக்கலாம், நாம் பேச்சை நிறுத்திவிட்ட உடன்பிறப்பின் வீடாகவும் இருக்கலாம். அங்கே போய் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடிப்போம். மரக்கன்றை அந்த வீட்டு வாசலில் அவர்களோடு சேர்ந்து நடுவோம்.

புனித பிரான்சிஸ் அசிசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.