மூளைக் காயமுற்றோரின் துணைவர் லூரியா

போரிலே காலிழந்தவனுக்குக் கட்டைக்கால் உண்டு. மூளையிலே குண்டு பாய்ந்தவனுக்கு என்ன உண்டு? புண் ஆறிவிடும், பார்ப்பவர்களுக்கு அவன் சுகதேகி. ஆயினும் பேச்சோ, படிப்போ, நினைவோ அவனை விட்டு நீங்கியிருக்கும். இத்தகையோருக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அளித்தவர் அலெக்சாந்தர் லூரியா.

ருஷ்ய நாட்டின் கசான் நகரிலே 1902ஆம் ஆண்டில் ஒரு வைத்தியரின் மைந்தராகப் பிறந்தார். தந்தையார் விரும்பியதோ வைத்தியம். மகனார் நாடியதோ உளநூல். வைகோட்ஸ்கி என்னும் பேரறிஞரின் நட்பு 1924இலே கிடைத்தது. சமதரையில் ஓரடி எடுத்து வைக்க இயலாத பார்க்கின்சன் நோயாளர் ஒருவர், மாடிப்படிகளில் மட்டும் ஏறுவதை இருவரும் கண்டனர். தரையிலே கடதாசித் துண்டுகளை இட்டு, அவற்றைத் தாண்டும்படி சொன்னார்கள். அவர் நடந்தார்! ஒரு வழி அடைபட்டால் மூளைக்கு மற்றொரு வழி காட்டலாம் என்னும் எண்ணம் இச்சோதனையால் வலுப்பெற்றது.

வைகோட்ஸ்கி 1934இல் காசநோயால் மறைந்தார். லூரியாவோ முப்பது வயது கடந்தபின் மாணவராகி, 1937இலே வைத்தியப் பட்டம் பெற்றார். ஒருமுறை படித்துப் பெயரெடுத்தபின் மீண்டும் வாங்கில் அமர நாணுகின்ற நம்மவர் இதனைச் சற்றுக் கவனிக்கலாம்.

1941இல் ஜெர்மனி படையெடுத்தது. யூரல் மலைப் பகுதியிலே, செலியாபின்ஸ்க் நகருக்கு அண்மையில், 400 படுக்கைகள் கொண்ட ஆரோக்கிய விடுதி ஒன்றை மூளைக் காயமுற்ற வீரருக்கான வைத்தியசாலையாக்கும் பொறுப்பு அவரைச் சார்ந்தது. அங்கு வந்தவர்களுள் ஒருவன் சசெத்ஸ்கி. 1943 மார்ச்சு மாதத்திலே தலையின் இடப்புறத்தில் குண்டுபட்ட 23 வயது வாலிபன். தொழினுட்பக் கல்வி பயின்றுகொண்டிருந்தவன். எழுத்தைக் கண்டால் இன்னதென்று தெரியாது. வலப்பக்கத்து உலகம் கண்ணுக்கு இல்லை. தன் உடலின் ஒரு பகுதியே காணாமற் போனதுபோலத் தோன்றும்.

ஏடு தொடக்கிய குழந்தையைப்போல எழுத்துகளை மீண்டும் பழகினான். ஒன்று பிடிபட்டால் மற்றொன்று நழுவும். ஒருநாள், எழுத்தெழுத்தாக நினையாமல், கையை எடாமலே சொல் முழுவதையும் எழுதிப் பார்க்கும்படி கூறினார்கள். எழுதிவிட்டான்! கண் மறந்ததைக் கை மறக்கவில்லை. ஆனால், ஐயோ, தான் எழுதியதைத் தானே வாசிக்க முடியவில்லை. ஒரு பக்கத்தில் பாதியை நிரப்பவே சில வேளைகளில் ஒரு நாள் முழுவதும் சென்றது. அப்படியே இருபத்தைந்து ஆண்டுகளில் 3,000 பக்கங்கள் எழுதினான்.

லூரியா அவனைச் சுகப்படுத்திவிட்டார் என்று எழுதினால் அது பொய். அழிந்த பாகம் அழிந்ததுதான். வைத்தியசாலையை விட்டுச் சென்றபின்னும் அவனை மறவாது, ஆண்டாண்டாகக் கண்டு, கேட்டு, எழுதத் தூண்டி வந்தார் என்பதே உண்மை. இதனிடையே, 1950 அளவில், அரசியற் காரணங்களால் நரம்புச் சத்திரசிகிச்சை நிலையத்திலிருந்து அவரே விலக்கப்பட்டார். குறைபாடுள்ள குழந்தைகளிடையே பணிசெய்து, சில ஆண்டுகளின் பின்னரே திரும்பினார்.

சசெத்ஸ்கியின் பக்கங்களோடு தம் விளக்கங்களையும் சேர்த்து 1971இலே நூலாக வெளியிட்டார். அதன் உண்மையான ஆசிரியர் தாம் அல்லர், காயமுற்ற அம்மனிதனே என்று அதிலேயே குறித்தும் வைத்தார். 1977 ஆகஸ்டு 14ஆந் திகதி மொஸ்கோவில் காலமானார்.