ஆசிரியர்களை உருவாக்கிய ஆசிரியர்

ஒட்டன்சத்திரம் வட்டாரப் பள்ளித் திடல்களில் விசிலுடன் நிற்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. அவர் ஹாரி குரோ பக்.

பென்சில்வேனியாவில் 1884-இல் பிறந்த பக், ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் உடற்கல்வி பயின்று 1919-இல் இந்தியா வந்தார். விளையாட்டைக் கற்பிப்பவருக்கும் முறையான பயிற்சி வேண்டும் என்று கருதி, 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். மேலை ஆட்டங்களோடு நம் நாட்டு ஆட்டங்களுக்கும் அங்கே இடமளித்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகச் சென்றார். இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானதிலும் பங்காற்றினார். 1943-இல் மறைந்தார்.

இன்று விளையாட்டின் எல்லையைத் தொலைக்காட்சி வகுக்கிறது. 2014-இல் 8 அணிகளுடன் தொடங்கிய புரோ கபடி, ஒளிபரப்பு தந்த வரவேற்பால் 2017-இல் 12 அணிகளாக விரிந்தது. தமிழ் தலைவாஸ் அப்போது வந்ததே. 2020-இல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் வழியே கல்லூரி ஆட்டங்களும் திரைக்கு வந்தன.

இவ்விரிவு வரவேற்கத்தக்கது. ஆயினும், கிராமப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இல்லையெனில் பெருகும் அணிகளுக்கு வீரர்கள் எங்கிருந்து வருவார்கள்? ஒளிபரப்பு ஈட்டும் வருவாயில் ஒரு பங்கு அந்தத் திடலுக்கும் சேர வேண்டும். பக்கின் பணி தொடங்கியதும் ஆசிரியரிடமிருந்துதான்.