நீர்ப்பையில் விளைந்த விந்தை

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 2010-ம் ஆண்டு ஒரு கடல்நீர் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு அமைந்த ஆலை அது. அங்கே உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடுவது மெல்லிய சவ்வு. சவ்வின் இக்குணத்தை முதன்முதலில் கண்டு எழுதியவர் பிரெஞ்சு நாட்டுத் திருத்தொண்டர் ஒருவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவரே அபே நொல்லே. 1700-ம் ஆண்டு பிம்பிரே என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பாரிசில் வேத சாஸ்திரம் பயின்று திருத்தொண்டரானார்; ஆனால் குருப்பட்டம் பெறவில்லை. மனம் பௌதிகத்தில் லயித்துவிட்டது. 1735 முதல் அவர் சோதனைகளோடு நடத்திய சொற்பொழிவுகளுக்குப் பெண்களும் ஆவலோடு வந்தனர். பெண்களுக்குக் கல்லூரிக் கதவுகள் அடைத்திருந்த காலம் அது என்பதை நம் மாணவியர் மறக்கலாகாது!

மின்சாரமே அவருக்குப் பெரும் புகழ் தந்தது. பதினைந்தாம் லூயி மன்னரின் முன் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து மின்சாரம் பாய்ச்சினார். அத்தனை பேரும் ஒருங்கே துள்ளினர்.

1748-ல் அவர் ஆராய்ந்ததோ திரவங்கள் கொதிப்பதன் காரணத்தை. மதுசாரத்தில் காற்றுப் புகாதிருக்க, அதை ஒரு குப்பியில் நிரப்பி, வாயைப் பன்றியின் நீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டி, தண்ணீரில் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரம் சென்று பார்த்தால் தோல் மேலே புடைத்திருந்தது! ஊசியால் குத்தியதும் திரவம் பீறிட்டது. வேறொருவராயின் குப்பியைக் கழுவி வைத்திருப்பார். அவரோ மாற்றிச் செய்து பார்த்தார்: குப்பியில் தண்ணீர், வெளியே மதுசாரம். இம்முறை தோல் உட்குழிந்தது. மதுசாரத்தைவிடத் தண்ணீரையே தோல் எளிதில் விடுகிறது என்று கண்டுகொண்டார். இதுவே நம் பாடநூல்கள் கூறும் சவ்வூடு பரவல்.

அவர் பெரிதாக மதித்த மின்சாரக் கொள்கையைப் பிராங்க்ளினின் கொள்கை வென்றுவிட்டது. நொல்லே 1770-ல் காலமானார்.

சவ்வின் வழியே நன்னீர் தானாக உப்புநீரை நாடிச் செல்லும். உப்புநீரை மிகுந்த அழுத்தத்தோடு தள்ளினால் அதிலுள்ள நீர் திரும்பி வரும். கடல்நீருக்குக் காற்றழுத்தத்தைப் போல் 55 முதல் 70 மடங்கு வேண்டும். அதற்கு ஈடுகொடுத்து நீரை விரைவாக விடும் சவ்வை 1960-ஐ ஒட்டிக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சௌரிராஜன், மற்றவர் லோப்.