வீட்டுக்கு முன்னால் தண்ணீரைக் கேட்டவர்

நம் குடியிருப்பில் ஜெனரல் பாடி கூடினால் முதல் ஒரு மணி நேரம் தண்ணீர்ப் பேச்சுதான். கார்ப்பரேஷன் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, சம்ப் எவ்வளவு நிறைகிறது, டேங்கர் லாரிக்கு இந்தக் காலாண்டில் எவ்வளவு செலவாயிற்று. லிஃப்ட், பார்க்கிங், செக்யூரிட்டி எல்லாம் அதற்கு அப்புறம்தான். அதனால் இந்த இதழில் கோவைக்குத் தண்ணீர் கேட்டு எழுதிய ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் பெயர் சே.ப. நரசிம்மலு நாயுடு. பழைய கோவைக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து நம் பிளாக்குகளில் குடியேறியிருக்கும் இளையவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

சேலம் பகடால நரசிம்மலு நாயுடு என்பது முழுப்பெயர். 1854-இல் ஈரோட்டில் பிறந்தவர். சேலத்தில் பத்திரிகைத் தொழிலில் இறங்கி, பிறகு கோவைக்கு வந்து இங்கேயே நிலைத்துவிட்டார். தமிழில் 'கோயமுத்தூர் கலாநிதி', ஆங்கிலத்தில் 'கிரசென்ட்' என்று பத்திரிகைகள் நடத்தினார். அச்சகம் வைத்துப் புத்தகங்களும் போட்டார். சரித்திரம், சமயம், யாத்திரை என்று அவர் எழுதாத துறை குறைவு. பிரம்ம சமாஜக் கொள்கையில் பிடிப்புள்ளவர். அந்தக் காலத்துக் கோவையில் அதற்கு எத்தனை பேரிடம் பேச்சு வாங்கியிருப்பார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

அவர் வாழ வந்த கோவை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் கேட்டதன் மதிப்பு புரியும். நகராட்சி 1866-இல் ஏற்பட்டது. சென்னையிலிருந்து வந்த ரயில் பாதை முதலில் போத்தனூர் வழியாகத்தான் மேற்குக் கடற்கரைக்குப் போனது. கோவை ஊருக்குள் ரயில் வந்தது 1873-இல். ஊர் என்றால் கோட்டைமேடு, ராஜவீதி, ஒப்பணக்கார வீதி, பெரிய கடைவீதி, அவற்றைச் சுற்றிய சந்துகள். இன்றைக்கு நாம் ஆர்.எஸ். புரம் என்று சொல்லும் பகுதி அன்று வயலும் தோட்டமும்தான். 1891 கணக்கெடுப்பில் ஊர் ஜனத்தொகை சுமார் 46,000. இன்று அத்தனை பேர் இரண்டு மூன்று வார்டுகளில் அடங்கிவிடுவார்கள்.

குடிக்கக் கிணறு, குளிக்கவும் துவைக்கவும் குளம். நொய்யலிலிருந்து வாய்க்கால் வெட்டி நிரப்பிய பழைய குளங்கள் ஊரைச் சுற்றி வரிசையாக இருந்தன. உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் குறிச்சிக் குளமும் இன்றும் பார்க்கிறீர்கள். ஆனால் பல கிணறுகளில் தண்ணீர் உப்பு. மழையும் நம் பக்கம் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தன் அந்தப் பக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்குக் காற்று நிறைய வரும், மழை கொஞ்சம் சிதறும், அவ்வளவுதான். பஞ்சம் வந்தால் கேட்கவே வேண்டாம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் கொங்கு நாடு பட்ட பாட்டை நம் பாட்டிமார்கள் தங்கள் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டு நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாயுடுவுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை முதன்முதலாகக் கூடியது. அங்கே போன 72 பிரதிநிதிகளில் கோவையின் சார்பில் நாயுடுவும் ஒருவர். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் காங்கிரஸ் கூடியபோது வடநாட்டு யாத்திரையாகவே புறப்பட்டுப் போனார். அந்தப் பயணத்தைத்தான் 'ஆரிய திவ்ய தேச யாத்திரை' என்ற பெரிய நூலாக எழுதினார். பம்பாய்க்கு 1860-லேயே விகார் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. கல்கத்தாவுக்கு அதற்குப் பத்து வருஷத்துக்குள் வந்தது. சென்னைக்கு 1872 வாக்கில் செங்குன்றம் ஏரித் தண்ணீர். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் ஊர்களையெல்லாம் பார்த்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற தன் ஊருக்குத் திரும்பி வந்த மனிதர் அவர்.

இங்கே இரண்டு வருடங்களை நீங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வங்கியில் முப்பத்துச் சொச்சம் வருஷம் பற்று வரவு பார்த்தவன் என்பதால் எனக்கு இது கண்ணில் படுகிறது. 1888-இல் கோவையின் முதல் பஞ்சாலையான கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில் ஏற்பட்டது. ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் பெயரோடு சேர்த்து நாம் சொல்லும் மில். அதை உருவாக்கப் பாடுபட்டவர்களில் நாயுடுவும் உண்டு. மறு வருஷம், 1889-இல், சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதே நாயுடு வலியுறுத்த ஆரம்பித்தார். மில் வந்தால் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஆட்கள் வந்தால் வீடு வேண்டும். வீடு வந்தால் தண்ணீர் வேண்டும். தொழிலைக் கொண்டுவருகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்த கையோடு தண்ணீருக்கும் வழி கேட்டவர்கள் அபூர்வம்.

சிறுவாணி என்றதும் அது நம் மலையிலிருந்து நம் பக்கம் இறங்கும் ஆறு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முத்திக்குளம் மலையில் பிறந்து அட்டப்பாடிப் பக்கமாக ஓடிப் பவானியில் சேர்வது அதன் இயற்கையான வழி. கோவைக்கும் அதற்கும் நடுவில் மலை நிற்கிறது. தண்ணீர் இங்கே வர வேண்டுமானால் குறுக்கே அணை கட்டி, மலையைக் குடைந்து, அப்புறம் சுமார் 35 கிலோமீட்டர் குழாய் போட வேண்டும். ஒரு நன்மை என்னவென்றால், மலை உயரத்திலிருந்து வருவதால் பம்ப் வைத்து இறைக்க வேண்டியதில்லை. தானாகவே சரிந்து ஊருக்கு வந்துவிடும். மின்சாரமே வராத காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் மோட்டார் ரூம் கரண்ட் பில்லைப் பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஐம்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊரின் நகராட்சி வருமானத்துக்கு இது மலையளவு செலவு. எதிர்த்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டு வரியை வைத்து விளக்கும் தெருவும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நகராட்சி, மலையைக் குடைகிறேன் என்று எப்படி எழுந்து நிற்கும்? பலன் கிடைக்கப் பல வருஷமாகும். கடன் இன்றைக்கே கணக்கில் ஏறும். நம் சங்கத்தில் மழைநீர் சேகரிப்புக் கிணறு தோண்டுவதற்கு இரண்டு மீட்டிங் ஓடியதை நினைத்துக்கொள்ளுங்கள். விவகாரம் அதேதான், அளவு மட்டும் வேறு.

நாயுடு சும்மா இருக்கவில்லை. டவுன்ஹால் என்று நீங்கள் பஸ் டிக்கெட் கேட்கும் அந்தக் கட்டடம், விக்டோரியா மண்டபம், 1892-இல் எழுந்ததிலும் அவர் உழைப்பு உண்டு. காங்கிரசுக்குப் போனவர் மகாராணி பெயரில் மண்டபம் எழுப்ப ஏன் பாடுபட்டார் என்று சிலர் கேட்பதுண்டு. அந்தத் தலைமுறையில் இரண்டும் முரணாகத் தெரியவில்லை. ராணியின் பெயரைச் சொன்னால் பணம் வசூலாகும், ஊருக்கு நாலு பேர் கூடிப் பேச ஓர் இடம் கிடைக்கும் என்பது நடைமுறை அறிவு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பின்னாளில் மாநகராட்சி மன்றக் கூட்டம் நடந்ததும் அந்த மண்டபத்தில்தான்.

அதற்குள் பிளேக் வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்ப வருஷங்களில் கோவையை அது திரும்பத் திரும்பத் தாக்கியது. ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கினார்கள். 1901-இல் 53,000 பேர் இருந்த ஊரில் 1911-இல் 47,000 பேர்தான். அந்தப் பத்து வருஷத்தில் நம் ஊர் சுருங்கியது. இன்றும் கோவையில் சில இடங்களில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது. வேறு ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். காரணத்தைச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

பிளேக் ஓர் உண்மையைப் பளிச்சென்று காட்டியது: நெருக்கடியான சந்துகளில் இனி ஜனங்களை அடைக்க முடியாது, ஊர் வெளியே விரிய வேண்டும். ஆனால் விரிகிற இடத்துக்குத் தண்ணீர் எங்கே? நாயுடு 1889-இல் கேட்டதற்குத்தான் எல்லோரும் திரும்பி வர வேண்டியிருந்தது.

அந்தப் பொறுப்பைத் தோளில் ஏற்றவர் நகராட்சித் தலைவராக இருந்த திவான் பகதூர் சி.எஸ். ரத்தினசபாபதி முதலியார். அவர் பெயர்தான் ரத்தினசபாபதிபுரம், சுருக்கி ஆர்.எஸ். புரம் ஆக்கிவிட்டோம். அங்கே டி.பி. ரோடு என்று தினமும் சொல்கிறோமே, அந்த இரண்டு எழுத்தும் திவான் பகதூர்தான். நேர்நேரான வீதிகளும் குறுக்குத் தெருக்களுமாகப் புது ஊர் வளர்ந்தது. சிறுவாணித் திட்டமும் நடந்தது. 1929-இல் கோவைக்குச் சிறுவாணித் தண்ணீர் வந்து சேர்ந்தது.

நரசிம்மலு நாயுடு 1922 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். கேட்ட வருஷத்துக்கும் தண்ணீர் வந்த வருஷத்துக்கும் இடையே நாற்பது ஆண்டு. அதில் முப்பத்து மூன்று ஆண்டு அவர் உயிரோடு இருந்தார். ஒரு குடம் சிறுவாணிகூட அவர் வீட்டுக்கு வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைக் கணக்கில் பாருங்கள். 1931-இல் சுமார் 95,000 பேர். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் அடுத்தடுத்து எழுந்தன. 1941-இல் ஜனத்தொகை 1,30,000. மின்சாரத்தைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் தண்ணீர் முன்கூட்டியே வந்து நின்றதால்தான் அந்த ஜனங்கள் இங்கே குடியிருக்க முடிந்தது என்பது என் அபிப்பிராயம். தண்ணீரின் ருசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று நாம் பெருமை பேசுகிறோம். முதலாவது எது என்று கேட்டால் ஆளுக்கொரு ஊரைச் சொல்வார்கள். எனக்கு ருசி பிடிக்கும். ரேங்க் மட்டும் யார் போட்டது என்று கேட்பேன்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். 2011-இல் மாநகராட்சி எல்லை விரிந்து வார்டுகள் நூறாயின. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளோடு வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி போன்றவையும் உள்ளே வந்தன. அதற்கு அப்பால் உள்ள கிராமங்களில் சோளமும் பருத்தியும் விளைந்த காடுகள் சைட்டுகளாகிவிட்டன. முதலில் கல் நடுவார்கள், பிறகு ரோடு, அதன் பிறகு பிளாட், கடைசியில்தான் தண்ணீர். அதுவரை ஆயிரம் அடிக்கும் கீழே போர் போட்டு உறிஞ்ச வேண்டியதுதான். அதே கிராமத்தில் தலைமுறையாகக் கிணற்றை நம்பி இருக்கும் விவசாயிக்குத் தண்ணீர் மட்டம் கீழே போவது முதலில் தெரிகிறது. நமக்கு லாரி பில் வரும்போதுதான் தெரிகிறது. 2041-ஐக் குறி வைத்துக் கோவைக்கு மாஸ்டர் பிளான் தயாரித்திருக்கிறார்கள். வரைபடத்தில் குடியிருப்புப் பகுதிக்கு மஞ்சள் நிறம் அடிப்பதைப் பார்த்ததும் எல்லோரும் நம் சைட் உள்ளே வருகிறதா, விலை ஏறுமா என்றுதான் தேடுகிறோம். அந்த மஞ்சளுக்குள் எந்தக் குளத்தின் வாய்க்கால் போகிறது, எந்தத் திட்டத்துத் தண்ணீர் எந்த வருஷம் வரும் என்று ஆட்சேபணை மனு எழுதிக் கேட்க ஒவ்வொரு குடியிருப்போர் சங்கத்துக்கும் உரிமை உண்டு. அடுத்த முறை திட்டத்தைத் திருத்தும்போது நம் சங்கமும் எழுத வேண்டும் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாயுடு கேட்ட காலத்தில் மலபாரும் கோவையும் ஒரே சென்னை மாகாணம். முத்திக்குளத்துத் தண்ணீரைக் கேட்பது பக்கத்து ஜில்லாவைக் கேட்பது போல. 1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்ததும் நம் குழாயின் தலைமாடு கேரளத்தில் போயிற்று. பிறகு 1973-இல் இரு மாநிலங்களும் உடன்படிக்கை செய்துகொண்டு, பெரிய அணையும் கட்டப்பட்டது. அதன்படி ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. தண்ணீர் நமக்கு, 99 ஆண்டுகளுக்கு. நம் சி பிளாக்கில் இந்த மாதம் பிறந்த குழந்தைக்கு அந்த உடன்படிக்கை முடியும்போது ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது.